வடு எந்தப் பக்கம்?

— விரலையெல்லாம் எண்ணிப் பார்த்தீங்களா மாமா?

— பார்த்தேன் மாப்ளே. பதினொண்ணு இருக்கு. ஒண்ணு எப்படிக் கூடுச்சுன்னுதான் யோசனை.

— விளையாடாதீங்க. வெளியூர் வேலைக்குக் கிளம்பறப்போ நான் என்ன சொல்லிட்டுப் போனேன்? பழைய பலகையை எல்லாம் தேய்ச்சு வைங்க, நிறம் பார்த்துப் பிரிச்சு வைங்க, ரம்ப மெஷின் பக்கம் தலை வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?

— தலை வைக்கலையே. கையைத்தான் வச்சேன்.

— எழுபத்தொரு வயசு உங்களுக்கு.

— மெஷின்கிட்ட அதைச் சொல்லலை. நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டா நான். உன் மெஷினும் அதே மாதிரிதான் கடகடன்னு ஆடிச்சு, புகைஞ்சுச்சு, மேட்டுல நின்னுபோச்சு. பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்துச்சு.

— மூணு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? நான் வந்து அறுத்து ஒட்டியிருப்பேனே.

— மூணு நாள் நான் பொறுப்பேன். உங்க அக்கா வயிறு பொறுக்குமா?

— இன்னிக்காவது ஏதாச்சும் சாப்பிட்டாளா?

— காலையில அரை டம்ளர் பால். அதுவும் தானா எடுத்துக் குடிச்சா. பாதி சேலைக்கு, பாதி வாய்க்கு. கை நடுக்கம்தான் உனக்குத் தெரியுமே. நான் ஸ்பூனைக் கொண்டுபோனா உதட்டை இறுக்கிக்கிறா. இன்னியோட அஞ்சு நாள்.

— டாக்டர்?

— நாளைக்குக் காலையில வரைக்கும் பார்ப்போம்னாரு. அதுக்கு மேல போனா ஆஸ்பத்திரியில சேர்த்து மூக்கு வழியா குழாய் விடணுமாம். மகளும் போன்ல அதையே சொல்றா. குழாய் விட்டா அதைப் பிடுங்கிடுவா, பிடுங்காம இருக்கக் கையைக் கட்டிப் போடுவாங்க. ஒரு வார்டுல பார்த்திருக்கேன் மாப்ளே. அதை மட்டும் என்னால முடியாது.

— எல்லாம் அந்தக் கண்ணாடி உடைஞ்சதுல வந்தது.

— உடைஞ்சதுன்னு சொல்லாதே. உடைச்சேன். வெளிச்சம் படட்டுமேன்னு அலங்கார மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். ஆயிரம் பேரை மலைப்பாதையில பத்திரமா இறக்கின கை, ஒரு மேசையை நாலடி நகர்த்தத் தெரியலை.

— புதுக் கண்ணாடி மாட்டினோமே, அதுலயாவது...

— அதுல யாரோ நரைச்ச கிழவி வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கிறான்னு செருப்பைக் கழட்டிட்டா. போர்வை போட்டு மூடி வச்சிருக்கேன். பழசு ரசம் போன கண்ணாடி இல்லையா? நரையும் தெரியாது, சுருக்கமும் தெரியாது. ஒரு முகம் மட்டும் மங்கலா இருக்கும். அதைத்தான் சிநேகிதி பிடிச்சிருந்தா. "ஏண்டி இவளே, ஏண்டி இவளே"ன்னு பொழுதன்னிக்கும் பேச்சு.

— நான்கூடக் கேட்டிருக்கேன். என்னைப் பத்திக்கூட ஏதோ சொல்லிக்கிட்டிருந்தா.

— சாப்பாடும் அங்கதான். மேசை முன்னாடி உட்கார வச்சு நான் ஸ்பூனை நீட்டுவேன். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணாடியைப் பார்த்து "வாங்கிக்கட்டுமாடி?"ன்னு கேப்பா. இவ தலையாட்டுவா, அவளும் தலையாட்டுவா. அப்புறம்தான் வாய் திறக்கும். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி. இப்ப "இவளே எங்க, இவளே எங்க"ன்னு கதவு கதவா தேடிக்கிட்டிருக்கா.

— உங்களை இன்னும் "டிரைவர் சார்"னுதானா?

— அதே மரியாதைதான். "டிரைவர் சார், பஸ் எப்ப எடுப்பீங்க?" "இன்னும் அஞ்சு நிமிஷம்மா." ரெண்டு வருஷமா அந்த அஞ்சு நிமிஷம் முடியலை. கையைப் பிடிச்சாதான் உதறிடறா. "யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க"ங்கிறா. கல்யாணத்துக்கு முன்னாடி, நிஜமாவே நான் டிரைவர் சாரா இருந்தப்போகூட இவ்வளவு கூச்சப்பட்டதில்லை.

— சரி, துணியை எடுங்க. அந்தச் சிநேகிதிக்குப் பதிலா மரத்துண்டை ஒட்டிச் செஞ்ச அக்கா படத்தைப் பார்ப்போம்.

— இரு. எது எதுல செஞ்சதுன்னு முதல்ல கேளு. விலாசம் கேக்காம பார்த்தா மரத்துக்குக் கோவம் வரும்.

— ஆரம்பிச்சுட்டீங்களா?

— கூந்தல் இருக்கே, அது இடிச்ச பள்ளிக்கூடத்துக் கரும்பலகை. இங்க கொண்டுவந்து சாய்ச்ச அன்னிக்கு ராத்திரி பூரா வாய்ப்பாடு சொல்லிக்கிட்டிருந்துச்சு. பன்னெண்டாம் வாய்ப்பாட்டுல மட்டும் ஒரு தப்பு. காலையில நான் திருத்தினதுக்கப்புறம்தான் அடங்குச்சு.

— ம்.

— நெத்தி ஒரு வக்கீலோட மேசைப் பலகை. அறுக்கறப்போ எதிர்வாதம் பண்ணிச்சு. கன்னம் ரெண்டும் என் பஸ்ஸோட பழைய மரச் சீட்டு. வண்டியை உடைக்கறப்போ நான் கேட்டு வாங்கி வச்சிருந்தேனே. மூணாவது வரிசை, ஜன்னல் ஓரம். அவ உட்கார்ற இடம். இது மட்டும் பொய் இல்லை.

— தெரியும் மாமா.

— உதடு, சிவப்பு வார்னிஷ் அடிச்ச கட்டில் கால். கண்ணுக்கு ரெண்டு கேரம் காய், கறுப்பு. சேலை முழுக்கப் பழப்பெட்டிச் சட்டம், பச்சையும் நீலமுமா பெயிண்ட் உரிஞ்சது. சுத்திலும் சட்டம், அந்த உடைஞ்ச கண்ணாடியோட சட்டமேதான். இப்ப எடு துணியை.

— எடுத்தாச்சு. இருங்க, கொஞ்சம் கிட்ட வந்து பார்க்கிறேன்.

— என்ன மாப்ளே, காதையே கொண்டுபோய் வைக்கிறே? கரும்பலகை உனக்கும் வாய்ப்பாடு சொல்லுதா?

— அக்காவேதான் மாமா. அந்தச் சாக்பீஸ் தடம், காதோரத்து நரை மாதிரியே இருக்கு. நான் பேப்பர்ல கோடுதானே போட்டுக் குடுத்தேன். நீங்க... இந்தக் கன்னத்துல மரத்தோட ரேகை வளைஞ்சு வர்ற இடத்தை எப்படிப் பார்த்து வச்சீங்க?

— அந்த சீட்டைக் கண்ணாடியில பார்த்துக்கிட்டே எத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன். ரோட்டைப் பார்த்ததைவிட அதிகம்.

— நல்லா... இருங்க. மாமா. வடு எந்தப் பக்கம் இருக்கு?

— புருவத்துலதான்.

— எந்தப் புருவத்துல? அக்காவுக்கு இடது புருவம். இங்க வலது புருவத்துல இருக்கு. சிரிப்பும் பாருங்க, மறுபக்கம் கோணிக்கிட்டுப் போகுது. வகிடும் மாறியிருக்கு. என் பேப்பரை எங்க ஒட்டி அறுத்தீங்க?

— பலகையிலதான்.

— பலகையோட முகத்துலயா, முதுகுலயா?

— முதுகுல. முகத்துல ஒட்டினா, உரிக்கறப்போ பழைய பெயிண்டும் பேப்பரோட வந்துடாதா? அந்தப் பெயிண்டுக்காகத்தானே பழைய மரத்தையே பொறுக்கினோம்.

— சரிதான், ஆனா முதுகுல ஒட்டினா படத்தைத் திருப்பி வரையணும் மாமா! நேர்ப் படத்தை முதுகுல ஒட்டி அறுத்து, முகத்தைத் திருப்பினா எல்லாம் இடம் வலமா மாறிடும். தொழில்ல முதல் நாள் சொல்லிக் குடுக்கிற பாடம்.

— முதல் நாள் நான் லீவு.

— சிரிப்பு வருதா உங்களுக்கு?

— வரலை. வந்தா நல்லாயிருக்கும்னு பார்த்தேன். சொல்லட்டுமா, ஒருதடவை முன் கியர் எதுவும் விழாம ஒன்பது மைல் பஸ்ஸைப் பின்னாலயே ஓட்டிக்கிட்டு வந்தேன். கண்டக்டர்கூடக் கண்டுபிடிக்கலை. கடைசி ஸ்டாப்புல ஒரு அம்மா மட்டும் கேட்டாங்க, "ஏம்ப்பா, இன்னிக்கு மரமெல்லாம் அந்தப் பக்கம் ஓடுது?"ன்னு.

— இப்ப அந்தக் கதை எதுக்கு?

— பின்னால ஓட்டினாலும் ஊர் வந்து சேர்ந்துச்சுன்னு சொல்ல வந்தேன். ஒட்டலையா?

— ஒட்டலை. முகமே சரியில்லாம அக்காவுக்கு அடையாளம் தெரியுமா? நமக்கே ஏதோ ஒரு மாதிரி இருக்கு. அக்கா மாதிரியும் இருக்கு, அக்காவோட ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரியும் இருக்கு. பயந்துட்டான்னா? இன்னொரு தடவை செருப்பை எடுத்தான்னா?

— பிரிச்சு ஒட்ட முடியாதா?

— என்ன கோந்துன்னு பார்த்தீங்களா? இது படகுக்குப் போடறது. மரம் உடையும், கோந்து விடாது. புதுசா செய்ய நாலு நாளாகும்.

— நாலு நாள் இல்லையேடா நம்மகிட்ட.

— தெரியும். வடுவையாவது மாத்திடறேன். வலது புருவத்துல சொருகியிருக்கீங்களே, இந்த வெள்ளைச் சில்லு, அதை உளியால எடுத்துட்டு, கறுப்புத் துண்டு வச்சு அடைச்சிடலாம். இடது புருவத்துல புதுசா ஒரு வெட்டு. அரை மணி நேரம். மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும், வடு சரியான இடத்துல இருந்தா அக்கா அவளை அடையாளம் கண்டுக்குவா.

— வடுவுல அப்படி என்ன பிடிவாதம் உனக்கு?

— இருக்கு.

— படியில தடுக்கி விழுந்து பட்ட காயம். எந்தப் புருவமா இருந்தா என்ன?

— படியில விழலை மாமா.

— அவதான் சொன்னா. கல்யாணமான புதுசுல.

— நான் எறிஞ்ச கட்டை. எனக்கு ஆறு வயசு. பம்பரம் செதுக்கணும்னு ஒரு கட்டை வச்சிருந்தேன், அதை அக்கா ஒளிச்சு வச்சா. தேடிக் கண்டுபிடிச்சு அவ மேலயே எறிஞ்சேன். இடது புருவம். கொஞ்சம் இறங்கியிருந்தா கண்ணு. வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை அவ. அம்மா சாகற வரைக்கும் படியைத்தான் திட்டிக்கிட்டிருந்தாங்க. எந்தக் கட்டையைக் கையில எடுத்தாலும் அதே ஞாபகம். இத்தனை வருஷம் மரத்துலயே பொழைக்கிறேன், ஒரு கட்டையைக்கூட நான் தூக்கி எறிஞ்சதில்லை. பார்த்திருக்கீங்களா?

— நாப்பத்தாறு வருஷமாக் கூட வாழறேன். என்கிட்டகூடப் படின்னே சொல்லிட்டாளே.

— அதான். எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? குடுங்க அந்தச் சின்ன உளியை.

— மெதுவாடா. கன்னத்துல பட்டுடப் போகுது.

— படத்தை நிமிர்த்திப் பிடிச்சுக்கங்க. ஆடாம. சில்லு மேல வச்சு ஒரே தட்டு.

— தட்டறதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு.

— யார்கிட்ட? படத்துக்கிட்டயா?

— போன தடவை சொல்லாமதானே எறிஞ்சே.

— மாமா!

— டிரைவர் சார்... இங்கேயா இருக்கீங்க? பஸ் எடுக்கலையா?

— அட, இதோ எடுத்துடலாம்மா. டயர்ல காத்து பார்த்துக்கிட்டிருக்கோம். தூங்கிட்டிருந்தீங்களே, ஏன் எழுந்து வந்தீங்க, காலுக்குச் செருப்புக்கூட இல்லாம? மாப்ளே, துணி, துணியைப் போடு...

— பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. யாரிது?

— கார்பெண்டர்மா. நல்ல பையன். அவன் கையில இருக்கிறது...

— கார்பெண்டரே! கையை எடுங்க! அவ மூஞ்சியில இருந்து உளியை எடுங்க முதல்ல!

— எடுத்துட்டேங்க. எடுத்துட்டேன். இந்த வடு மட்டும் கொஞ்சம்...

— அதுல கை வச்சீங்கன்னா தெரியும் சேதி! அது அவ தம்பி எறிஞ்ச கட்டையால வந்தது. எனக்கு என் தம்பி எறிஞ்சான், அவளுக்கு அவ தம்பி எறிஞ்சான். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. அப்படித்தானே நாங்க சிநேகமே ஆனோம். ஏண்டி இவளே! அஞ்சு நாளா எங்கடி போய்த் தொலைஞ்சே?

— மாமா...

— மூச்சு விடாதே மாப்ளே.

— வீடு பூரா தேடினேன். உன் எடத்துல ஒரு கிழவி வந்து உட்கார்ந்துக்கிட்டாடி. முறைக்கிறா என்னை. இளைச்சுட்டியா? இல்லை. மூஞ்சி கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு. வெயில்ல போனியா?

— அம்மா, ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு இடது புருவத்துல வடு. இவங்களுக்கு வலது புருவத்துலல்ல இருக்கு? நல்லாப் பாருங்க, இவங்கதானா?

— என்ன கார்பெண்டர் நீங்க, அளவு எடுக்கத் தெரியாதா? எதிர் எதிர்ல உட்கார்ந்தா அப்படித்தானே இருக்கும். இதோ, நான் என் வடுவைத் தொடறேன். நேரா கையை நீட்டினா அவ வடு. எப்பவும் எனக்கு நேராத்தான் அவளுக்கு. மாறி இருந்தா அவ வேற யாரோ.

— மாமா, அரை தட்டு தட்டியிருந்தா...

— தட்டலைல்ல, விடு. நீயும் நானும் அவளை எதிர்ல நின்னு பார்த்தவங்க. அவ இவளைப் பார்த்ததெல்லாம் கண்ணாடிக்குள்ள. நாப்பது வருஷம் கண்ணாடியைப் பார்த்தே வண்டி ஓட்டினவன், எனக்கு இது தோணலை பாரு.

— அங்க என்ன குசுகுசுன்னு?

— ஒண்ணுமில்லைம்மா. கார்பெண்டர் தம்பி உங்க தம்பியைப் பத்திக் கேக்குறாரு.

— அவனா? ஸ்கூல் விட்டு வர்ற நேரம்தான். அவன்கிட்ட இந்த வடுவைப் பத்தி எதுவும் கேட்டுடாதீங்க கார்பெண்டரே. வீட்டுல நானா படியில விழுந்தேன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா தோலை உரிச்சுடுவாங்க. பாவம், அவனே பயந்துபோய் மூணு நாளா என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தறான். இவ ஒருத்திகிட்டதான் சொல்லியிருக்கேன்.

— கேக்க மாட்டேங்க. ஆனா... அவனுக்கு ஒண்ணு கேக்கணுமாம். வலிச்சுச்சான்னு.

— வலிக்காம இருக்குமா? வலிச்சுது. அதுக்காக அவன்கிட்ட சொல்லிடாதீங்க.

— மாப்ளே, கண்ணைத் துடைச்சுக்கோ. படத்துல சொட்டுனா வக்கீல் பலகை கேஸ் போட்டுடும்.

— நீங்க மட்டும் என்னவாம்? உங்க மூக்கு ஏன் செவந்திருக்கு?

— கோந்து நெடி. படத்தை நீ வாங்கி இப்படிக் கொஞ்சம் இறக்கிப் பிடி. அவ உட்காரட்டும், முகத்துக்கு நேரா முகம் வரட்டும். ஆங், அங்கேயே. நான் போய்க் கிண்ணத்தை எடுத்துட்டு வந்துடறேன். அஞ்சு நாளா சூடு பண்ணிச் சூடு பண்ணி அதுக்கே அலுத்துப்போச்சு.

— ஏண்டி இவளே, ஏன் இந்தக் கார்பெண்டர் உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு? அவருக்குக் கை வலிக்காது?

— வலிக்கலைங்க. நீங்க பேசிக்கிட்டிருங்க. எவ்வளவு நேரமானாலும் பிடிச்சுக்கிறேன்.

— நல்ல பிள்ளையா இருக்காரு. என் தம்பி பெரியவனானா இப்படித்தான் இருப்பான்னு நினைக்கிறேன்.

— வந்துட்டேன், வந்துட்டேன். இதோ பாருங்கம்மா. உங்க சிநேகிதியும் வந்தாச்சு. ஒரு வாய். அரை வாய். இந்த ஸ்பூன் ஒரு மகாராஜா வீட்டு ஸ்பூன், காலியா திரும்பிப் போனா அதுக்கு அவமானம்.

— வேண்டாம் டிரைவர் சார்.

— ஏம்மா? இவங்க வந்தாச்சே?

— நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நான் அவகிட்ட தனியாப் பேசணும். இவளே, கிட்ட வா. உன் வீட்டுக்காரரைப் பத்தித்தான்.

— யாரைப் பத்தி?

— தள்ளி நில்லுங்கன்னேன்ல. கோவிச்சுக்காதேடி. உன் பின்னாடி நின்னு உனக்குத் தலை வாரி விடுவாரே, தோள்ல கை வைப்பாரே, உன் வீட்டுக்காரர், இந்த டிரைவர் சார், ரொம்ப நல்லவர்டி. நீ காணாமப் போன அஞ்சு நாளும் வேளை தவறாம கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு வந்து கெஞ்சினாரு. எனக்கும் பசிதான். ஆனா நீ இல்லாத நேரத்துல இன்னொருத்தி புருஷன் கையால நான் எப்படிடி சாப்பிடறது? நீ என்னை என்ன நினைப்பே? அதான் வாயே திறக்கலை. இப்ப நீ வந்துட்டே. உன்னை நேராவே கேட்டுடறேன். வாங்கிக்கட்டுமாடி?

— மாப்ளே... படத்தை மெதுவா முன்னால சாய்ச்சு நிமிர்த்துடா. அவ தலையாட்டட்டும்.